பம்ப்பைப் பார்க்கிறவள்

மார்ச் 4

உனக்கு,

'அன்புள்ள' என்று எழுதிப் பார்த்தேன். வாய்க்கு வராதது கைக்கும் வரவில்லை. அதனால் இப்படியே ஆரம்பிக்கிறேன். என் போன் எண்ணை நீ தடை செய்து வைத்திருப்பதால் தபால்.

நலமா என்று கேட்கவில்லை. நலமில்லை என்பது தெரியும். உன் அக்கா நேற்று ஆய்வுக்கூடத்துக்கே வந்துவிட்டார். வாசல் காவலரிடம் நாத்தனார் என்று சொல்லிக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்து, மூச்சு வாங்க என் மேஜை மேல் ஸ்கேன் படங்களைப் பரப்பினார். "என் தம்பி உன்கிட்ட சொல்ல மாட்டான். நானும் சொல்லலைன்னு வெச்சுக்கோ" என்றார். பத்து மாதமாம். மண்டையைத் திறந்து எடுத்து, கதிர்வீச்சு கொடுத்து, மாத்திரை முடித்து, இப்போது கட்டி திரும்பியும் வந்தாயிற்றாம். எனக்கு ஒரு வரி இல்லை. மூளைக்கட்டிக்கு மருந்து இறக்குவதையே பதினோரு வருடமாகப் பிழைப்பாக வைத்திருக்கிற பெண்டாட்டி ஒருத்தி நாலு தெரு தள்ளி இருக்கிறாள் என்பது உனக்கு மறந்துவிட்டதா, இல்லை கௌரவம் இடம் கொடுக்கவில்லையா?

விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால் என் வக்கீல் அனுப்பிய விவாகரத்துக் காகிதம் உன்னிடம் இருக்கிறது. அதில் இந்த வாரமே கையெழுத்துப் போட்டு அனுப்பு. எங்கள் சோதனைச் சிகிச்சையில் எட்டுப் பேருக்கு இடம். ஏழு பேர் வந்துவிட்டார்கள். எட்டாவது இடம் இந்த மாதக் கடைசி வரை காலியாக இருக்கும். உன் படங்களைப் பார்த்தேன். கட்டி இரண்டரை சென்டிமீட்டர், வலது பக்கம் மட்டும், நடுக்கோட்டைத் தாண்டவில்லை. நாலு சென்டிமீட்டர் ஆகிவிட்டால் சேர்க்க மாட்டார்கள். இன்றைய அளவில் நீ பொருந்துகிறாய்.

பொருந்தாதது ஒன்றுதான். சோதனையில் வேலை செய்கிறவர்களின் கணவனோ மனைவியோ ரத்த உறவோ அதில் நோயாளியாகச் சேர முடியாது. நான் அதில் வேலை செய்கிறேன். நீ இன்னும் சட்டப்படி என் புருஷன். மூன்று வருடமாகப் பிரிந்தே இருப்பதால் காத்திருப்புக் காலத்தைத் தள்ளுபடி செய்யக் கேட்கலாம், கையெழுத்து வந்தால் இரண்டு வாரத்தில் தீர்ப்பு வாங்கிவிடலாம் என்கிறார் வக்கீல்.

யோசிக்க நேரம் இல்லை. போடு, அனுப்பு.

— நான்


மார்ச் 8

டாக்டர் அம்மா அவர்களின் மேலான சமூகத்துக்கு,

கடிதம் கிடைக்கப்பெற்று அகமகிழ்ந்தேன். புருஷனுக்குப் புற்றுநோய் என்று கேள்விப்பட்டதும் ஒரு பெண் முதல் வேலையாக என்ன செய்வாள்? ஓடி வருவாள், அழுவாள், இல்லை நாலு திட்டாவது திட்டுவாள். விவாகரத்துக் காகிதத்தைக் கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொன்னவள் உலகத்திலேயே நீ ஒருத்தியாகத்தான் இருப்பாய்.

மூன்று வருடமாக நான் கையெழுத்துப் போடவில்லை. ஏன் தெரியுமா? நீ நிம்மதியாக இருந்துவிடக் கூடாது என்றுதான். ஒளித்துப் பேச எனக்குத் தெரியாது. இப்போது ஆள் போகப் போகிறான், அதற்குள் காரியத்தை முடித்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறாய். செத்தால் தானாகவே விடுதலைதானே, அதற்குள் என்ன அவசரம்?

நீ கேட்காததற்கும் பதில் சொல்கிறேன். வலது காதுக்கு மேலே ஒரு லாடம் அளவுக்குத் தையல் தழும்பு. அந்தப் பக்கம் முடி முளைக்கவில்லை, தொப்பி போட்டுக்கொண்டு கடைக்குப் போகிறேன். போன வாரம் ஒரு ஃப்ரிட்ஜின் செப்புக் குழாயைப் பற்ற வைத்துக்கொண்டிருக்கும்போது இடது கையிலிருந்து இடுக்கி விழுந்தது. குனிந்து எடுத்தேன். மறுபடியும் விழுந்தது. வீட்டுக்காரம்மா பார்த்துக்கொண்டே நின்றார். "சார், வேற யாரையாவது அனுப்புங்களேன்" என்றார். அனுப்ப யார் இருக்கிறார்கள்? மூடிவிட்டு வந்தேன்.

என் டாக்டர், நான் உம்மணாமூஞ்சி என்று பேர் வைத்திருக்கிறேன், அவர் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பது போல் இருப்பார். அவரிடம் எவ்வளவு நாள் என்று கேட்டேன். சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தார். வருடம் தாண்டும் என்றால் காலண்டரைப் பார்க்க மாட்டார் என்பது எனக்கே தெரியும்.

காகிதம் பத்திரமாக இருக்கிறது. கம்ப்ரெசர் பெட்டிகளுக்கு அடியில். அங்கேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
இன்னும் சட்டப்படி உன் புருஷன்


மார்ச் 11

உனக்கு,

உன் கிண்டலைப் படித்துக் கடிதத்தைக் கசக்கி எறிந்தேன். பிறகு கை விழுகிற இடத்தைப் படிப்பதற்காக மறுபடியும் எடுத்து நீவினேன். இடது கை எப்போதிலிருந்து விழுகிறது? தினமுமா, எப்போதாவதா? காலும் இழுக்கிறதா? அடுத்த கடிதத்தில் இதற்கு நேராகப் பதில் எழுது. நக்கலை அதற்கு அப்புறம் வைத்துக்கொள்.

எனக்கு விடுதலை வேண்டுமென்று நான் கேட்டதாக நினைத்துக்கொள்கிறாய். மூன்று வருடம் தனியாக இருந்தவளுக்கு இனி எந்தக் காகிதமும் தேவையில்லை. உனக்குத்தான் தேவை. அது ஏன் என்று சொல்கிறேன். ஒரு தடவையாவது குறுக்கே பேசாமல் கேள்.

மூளை தன் ரத்தக் குழாய்களைச் சுற்றிக் காவல் போட்டிருக்கிறது. ரத்தத்தில் வருகிற கண்டதையும் உள்ளே விடாது. மற்ற நாட்களில் அது நல்லது. இந்த நோய் வந்தால் அதுவே எமன். நீ விழுங்கிய மாத்திரைகளில் பெரும்பகுதி அந்த வாசலிலேயே நின்றுவிட்டது. வாந்தியும் ரத்தக் குறைவும்தான் உனக்கு மிச்சம். டாக்டர்கள் எடுத்த கட்டியைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத அணுக்கள் ஊடுருவிப் போயிருக்கும். கத்தி அங்கே போகாது. திரும்ப வந்திருப்பது அவைதான்.

அதனால் நாங்கள் வாசல் பக்கமே போவதில்லை. மண்டையோட்டில் சின்னத் துளைகள் போட்டு, தலைமுடியைவிடக் கொஞ்சம் தடித்த குழாய்கள் நான்கைக் கட்டியின் ஓரங்களில் இறக்குகிறோம். வெளியே பம்ப். மணிக்கு ஐந்தாறு சொட்டுத்தான், மூன்று நாள் இடைவிடாமல். அந்த மெதுவான அழுத்தத்தில் மருந்து அணுக்களுக்கு நடுவே தானாகப் பரவும். மருந்தும் சாதாரணமானது இல்லை. புற்றணுவின் மேல்தோலில் இருக்கிற ஒரு கொக்கியைத் தேடிப் பிடித்துக்கொண்ட பிறகுதான் விஷத்தை உள்ளே விடும். நல்ல அணுவில் அந்தக் கொக்கி அநேகமாக இல்லை, அதனால் அதைத் தொடாமல் போய்விடும்.

பொய் நம்பிக்கை கொடுக்க மாட்டேன். ஏழு பேருக்குக் கொடுத்திருக்கிறோம். மூன்று பேருக்கு எந்த மாற்றமும் இல்லை. இரண்டு பேருக்குக் கட்டி வளராமல் நிற்கிறது. ஒருவருக்குப் பாதியாகச் சுருங்கிவிட்டது, அவர் மறுபடியும் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறார். ஒருவர் போய்விட்டார். இதுதான் கணக்கு. உம்மணாமூஞ்சி பார்த்த காலண்டரைவிட இது மேல்.

கம்ப்ரெசர் பெட்டியைத் தூக்கு. இடது கையால் தூக்காதே.

— நான்


மார்ச் 15

டாக்டர் அம்மாவுக்கு,

கை தினமும் விழுவதில்லை. இரண்டு நாளைக்கு ஒரு தரம். கால் இழுக்கவில்லை. காலையில் தலை கனக்கும், ஒரு மணி நேரத்தில் சரியாகிவிடும். போதுமா? இனி நக்கல்.

உன் பம்ப்பைப் பற்றி மூன்று நாள் யோசித்தேன். படுத்தே கிடக்கிறவனுக்கு வேறு என்ன வேலை? ஒரு துளையில் குழாயைச் செருகினால் குழாய்க்கும் சதைக்கும் நடுவில் சந்து இருக்கும். நீ அழுத்தம் கொடுத்தால் மருந்து முன்னால் போகாது. இளகின இடம் எதுவோ அங்கேதான் போகும். குழாயை ஒட்டிக்கொண்டு பின்னாலேயே ஏறி வெளியே வந்து நிற்கும். இருபத்திரண்டு வருடம் குழாய் ஒட்டினவன் சொல்கிறேன். பதினோரு வருடம் படித்த கூட்டத்துக்கு இது தோன்றியதா, இல்லையா?

தோன்றியிருந்தாலும் மெக்கானிக் சொன்னால் கேட்க மாட்டீர்கள். அந்தச் சொல் உன் வாயில் எப்படி வந்தது என்று நினைவிருக்கிறதா? உன் ஆய்வுக்கூடத்து நடைபாதை. நான் கருவிப் பெட்டியோடு முழங்கால் வரை தண்ணீரில் நனைந்து நிற்கிறேன். உன் இயக்குநர் வந்து "யாரிது?" என்று கேட்டார். நான் உன் முகத்தைத்தான் பார்த்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை. "வெளியிலேர்ந்து கூப்பிட்ட மெக்கானிக், சார்" என்றாய். வேலை முடித்ததற்கான ரசீதில் வெளியாள் மாதிரியே கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். சாயங்காலம் நீ வந்து உன் துணிகளை எடுத்துக்கொண்டு போனாய்.

இப்போது படிவத்தில் 'உறவு எதுவும் இல்லை' என்று எழுத என் கையெழுத்து வேண்டும் என்கிறாய். அன்றைக்கு என்னைக் கேட்டா சொன்னாய்? எட்டு வருடம் ஒரே தட்டில் சாப்பிட்டவனை ஒரே மூச்சில் யாரோ ஆக்கினவள்தானே, இன்னொரு தடவை சொல்லிக்கொள். என் பேனாவை ஏன் இழுக்கிறாய்?

— மெக்கானிக்


மார்ச் 18

உனக்கு,

குழாயைச் சுற்றிய சந்து பற்றி நீ கேட்டது சரி. அதுதான் எங்களுக்கு இருந்த பெரிய தலைவலி. குழாயின் நுனியை மெல்லிசாகவும் சற்று மேலே தடிப்பாகவும் படி மாதிரி செய்திருக்கிறோம். பின்னால் ஏறி வருகிற மருந்து அந்தப் படியில் முட்டி நின்றுவிடும். உலகத்தில் எத்தனையோ பேர் வருடக்கணக்காக மண்டையை உடைத்துக்கொண்ட விஷயத்தை நீ படுக்கையில் படுத்துக்கொண்டு மூன்று நாளில் கேட்டுவிட்டாய். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

நடைபாதைக் கதையைப் பாதியிலிருந்து சொல்கிறாய். முன்பாதியை நான் சொல்கிறேன். எங்கள் குளிர்பெட்டி பழுதானது. கம்பெனி ஆள் வர ஆறு நாள் ஆகும் என்றார்கள். எனக்குப் புருஷன் மெக்கானிக் ஆயிற்றே என்ற பெருமையில் உன்னைக் கூப்பிட்டேன். ஆமாம், பெருமையில்தான். நீ வாயுக் கசிவைத் தேடுவதற்காகப் பெட்டியை அணைத்தாய். உள்ளேயிருந்த குப்பிகளைப் பக்கத்து அறைச் சாதாரணப் பெட்டிக்கு மாற்றினாய். பனிக்கட்டி பனிக்கட்டிதானே என்று நினைத்தாய். எங்கள் பெட்டி மைனஸ் எண்பது. அது மைனஸ் இருபது. ஒவ்வொரு தட்டிலும் சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருந்தது. நீ படிக்கவில்லை. என்னைக் கேட்கவுமில்லை. இரண்டு வருடம் நாங்கள் ஒவ்வொன்றாகக் கட்டிய மருந்து ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் வெறும் தண்ணீராகிவிட்டது.

இயக்குநர் கேட்டபோது அந்தக் குப்பிகள் என் கையில் இருந்தன. இவர் என் புருஷன் என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே என்னை வெளியே அனுப்பியிருப்பார்கள். அனுமதி இல்லாமல் சொந்தக்காரனை உள்ளே விட்டவள் நான். அதனால் அப்படிச் சொன்னேன். தப்பு. அது எனக்குத் தெரியும். அன்றைக்கே உன்னிடம் வந்து சொல்ல வாய் வந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் நீ என்ன கேட்டாய்? "உன் எலி மருந்துக்கு இவ்வளவு அலட்டலா?" என்று கேட்டாய். சொல்ல வந்ததை விழுங்கிவிட்டுத் துணியை எடுத்தேன்.

அந்த இரண்டு வருடம் தள்ளிப்போகாமல் இருந்திருந்தால் இந்தச் சோதனை உனக்கு முதல் கட்டி வந்தபோதே தயாராக இருந்திருக்கும். இதை எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். எழுதிவிட்டேன். படி.

இன்னும் பதின்மூன்று நாள்.

— நான்


மார்ச் 23

உனக்கு,

டாக்டர் அம்மா என்று போட இன்றைக்கு மனமில்லை.

போன கடிதத்தின் கடைசிப் பாராவைப் படித்துவிட்டு நாள் முழுக்க எழுந்திருக்கவில்லை. அக்கா கஞ்சி வைத்துவிட்டுப் போனாள், அது ஆறிப்போனது. என் கையாலேயே என் மருந்தைக் கொட்டியிருக்கிறேன் என்கிறாய். சரி. நான் படிக்காதது தப்புத்தான். சிவப்பு மை என் கண்ணில் பட்டது. உன்னிடம் கேட்டால் இதுகூடத் தெரியாதா என்பாய் என்று கேட்கவில்லை. உன்னோடு இருந்த எட்டு வருடத்தில் எத்தனையோ விஷயத்தை அந்தப் பயத்தில்தான் கேட்காமல் விட்டேன்.

அதனால் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். பெட்டிகளை நகர்த்திக் காகிதத்தை எடுத்துத் தூசி தட்டினேன். அதையும் எடுத்துக்கொண்டு நேற்று உம்மணாமூஞ்சியிடம் போனேன், நான் சேர்வதற்கு அவர் சம்மதக் கடிதம் கொடுக்க வேண்டுமாமே. விஷயத்தைச் சொன்னேன். மனுஷன் முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

"கையெழுத்தெல்லாம் எதுக்குங்க? உங்க மனைவி அந்தக் குழுவை விட்டு விலகிட்டா போதுமே. ஒரு கடுதாசி கொடுத்தா அன்னிக்கே முடிஞ்சுது. போன வருஷம் எங்க நர்ஸ் ஒருத்தங்க, அப்பாவைச் சேர்க்கறதுக்காக அப்படித்தான் விலகினாங்க. உங்க வீட்டுல சொல்லலையா?"

எங்கள் வீட்டில் சொல்லவில்லை. நாலு கடிதம்... இல்லை, மூன்று கடிதம் எழுதியிருக்கிறாய். மூளையின் காவல், கொக்கி, சொட்டு, படி என்று எல்லாம் எழுதினாய். பதின்மூன்று நாள் என்று என் தலையில் மணி அடித்தாய். இந்த ஒரு வரியை மட்டும் எழுதவில்லை. உன் வேலையா, நம் கல்யாணமா என்று ஒன்றை விட வேண்டியிருந்தது. நீ உன் வேலையை ஒளித்து வைத்துவிட்டு, விடுவதற்கு என் பக்கத்தில் இருந்ததை நீட்டினாய்.

நடைபாதையில் நீ பயத்தில் சொன்னாய், ஒப்புக்கொள்கிறேன். இதை எந்தப் பயத்தில் செய்தாய்? உட்கார்ந்து யோசித்துச் செய்திருக்கிறாய். இனி உன் கையால் வருகிற மருந்து எனக்கு வேண்டாம். அந்த எட்டாவது இடத்தை யாருக்காவது கொடு.

இதற்குப் பதில் எழுதாதே.


மார்ச் 25

உனக்கு,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். படிக்காமல் கிழித்தால் கிழி.

ஆமாம், ஒளித்தேன். விலகினால் போதும் என்பது எனக்கு முதல் நாளே தெரியும். உன் அக்கா படிக்கட்டு இறங்குவதற்குள் நினைத்துவிட்டேன். நினைத்த உடனே என் மனசு சொன்ன பதில், மாட்டேன் என்பதுதான். பதினோரு வருடம் நான் வேறு எதையும் செய்யவில்லை. குழந்தை பெறவில்லை. உன்னைச் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை. எனக்கென்று இருப்பது இது ஒன்றுதான். அதை விட எனக்கு மனம் வரவில்லை. நல்ல மனைவி விட்டிருப்பாள். நான் நல்ல மனைவி இல்லை என்பது உனக்குப் புதுச் செய்தியா?

அது பாதி. மீதியையும் சொல்கிறேன், நம்புவதும் நம்பாததும் உன் இஷ்டம். மூன்றாவது நோயாளிக்கு மருந்து போன இரண்டாம் நாள், எனக்குக் காய்ச்சல். வீட்டுக்குப் போய்விட்டேன். என் கீழே வேலை செய்கிறவர் பம்ப் பக்கத்தில் இருந்தார். கெட்டிக்காரர், என்னைவிட நன்றாகப் படித்தவர். மதியம் குழாயில் ஒரு காற்றுக் குமிழ் மாட்டி அழுத்தம் ஏறியது. பம்ப்பை நிறுத்திக் குமிழை வெளியேற்ற வேண்டும். அவர் அடைப்பு என்று நினைத்து வேகத்தைக் கூட்டிவிட்டார். குமிழ் உடைந்து மீதி மருந்து மொத்தமும் ஒரே பாய்ச்சலில் மூளைக்குள் இருக்கிற நீர் அறைக்குப் போய் வீணாகிவிட்டது. அதற்குப் பிறகு கட்டிக்கு ஒரு சொட்டும் போகவில்லை. போய்விட்டார் என்று எழுதினேனே ஒருவர், அவர்தான் அது. ஐந்தாறு சொட்டு வித்தியாசத்தில் முடிகிற காரியம் இது. அழுத்தம் காட்டுகிற முள் எங்கே நின்றால் அடைப்பு, எங்கே நின்றால் குமிழ் என்று எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை. பார்த்துப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும்.

நான் விலகினால் உன் தலையில் மாட்டுகிற பம்ப்பை அவர்தான் பார்ப்பார். இது ஒளித்ததற்குச் சாக்கா, காரணமா என்று எனக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

விலகல் கடிதத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டு இதனோடு வைத்திருக்கிறேன். தேதி போடவில்லை. உனக்கு என் வேலையை வாங்கிப் பழி தீர்க்க வேண்டுமானால் தேதி போட்டு இயக்குநருக்கு அனுப்பு. நீ என் புருஷனாகவே இருந்துகொண்டு சிகிச்சைக்குப் போகலாம். நான் சண்டைக்கு வர மாட்டேன். எதையாவது ஒன்றைச் செய். சும்மா படுத்துக்கொண்டு செத்துப்போகாதே. உனக்குக் கும்பிடு போடுகிறேன்.

இன்னும் ஆறு நாள்.

— நான்


மார்ச் 28

உனக்கு,

இரண்டு காகிதத்தையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்கப் பார்த்தேன். ஒன்றில் நீ கையெழுத்துப் போட்டிருக்கிறாய், நான் தேதி போட வேண்டும். இன்னொன்றில் நான் கையெழுத்துப் போட வேண்டும்.

அக்கா சொன்னாள்: "அவ வேலையை விடட்டும்டா. கட்டினவன் உசுரைவிட அவளுக்கு அது பெருசா?" எனக்கும் அதுதான் ஆசையாக இருந்தது. தேதி போடப் பேனாவை எடுத்துவிட்டேன். நீ வேலை போய், என் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருப்பதைக் கண்ணால் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் அதே அறையில் பம்ப் பக்கத்தில் அந்தக் கெட்டிக்காரர் நிற்பதையும் பார்த்தேன்.

எட்டு வருடம் நான் உன்னோடு எதற்காகச் சண்டை போட்டேன்? நீ அந்த முள்ளைப் பார்க்க உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டாய் என்பதற்காக. என் பிறந்தநாளா, கரண்ட் போயிற்றா, நான் சாப்பிட்டேனா, ஒன்றும் உன் காதில் விழாது. வீட்டுக்கு அது உதவாது. அப்படி ஒரு ஆள் இல்லாமல் என் மண்டையில் துளை போட நான் விட மாட்டேன். என் கடைக்கு வருகிற பம்ப்பை நான் எவனிடமும் கொடுக்க மாட்டேன், உனக்குத் தெரியும்.

அதனால் உன் விலகல் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன். என் காகிதம் இந்த உறைக்குள் இருக்கிறது. மூன்று இடத்தில் கையெழுத்து. வலது கைதான், நடுக்கம் இல்லை, வக்கீல் சந்தேகப்பட வேண்டாம்.

எனக்குப் பெண்டாட்டி வேண்டாம். பம்ப்பைப் பார்க்கிறவள்தான் வேண்டும்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. நீ ஒளித்தது ஒளித்ததுதான். பிழைத்து எழுந்தால் முதல் வேலையாக அதைப் பற்றி உன்னோடு சண்டை போடுவேன். நிம்மதியைக் கெடுக்கத்தான் கையெழுத்துப் போடவில்லை என்று முன்னால் எழுதினேன். அது பொய். போடாத வரைக்கும் நீ ஒரு நாள் துணி மூட்டையோடு திரும்பி வருவாய் என்று வைத்திருந்தேன். இன்றைக்குப் போட்டுவிட்டேன், இனிமேல் அந்த நினைப்பும் இல்லை.

இப்படிக்கு,
நான்


ஏப்ரல் 2

உனக்கு,

காகிதம் வந்தது. ஆய்வுக்கூடத்துக் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு வக்கீலிடம் கொடுத்தேன்.

நாம் எட்டு வருடம் புருஷன் பெண்டாட்டியாக இருந்ததை இந்தத் தடவை நான் மறைக்கவில்லை. இயக்குநர் அறைக்குப் போய், நெறிமுறைக் குழு முன்னால், மெக்கானிக் என்று அன்றைக்குச் சொன்னேனே அவர் என் புருஷன்தான் என்று சொல்லிவிட்டேன். கடுமையாகப் பேசினார்கள். பேசட்டும். மாதம் முடிந்துவிட்டாலும் தீர்ப்பு வரும் வரை எட்டாவது இடத்தை உனக்காக வைத்திருப்பது, தீர்ப்பு வந்த பிறகு நீ சேரலாம், நான் பம்ப்பைப் பார்க்கலாம் என்று முடிவு செய்தார்கள். உன் ஸ்கேனைப் படித்துப் பலன் சொல்வது வேறு ஆள், அதில் நான் தலையிடக் கூடாது. தீர்ப்பு வந்த நாளிலிருந்து நமக்குள் சொந்தக் கடிதம் எதுவும் கூடாது என்றும் எழுதி வாங்கிக்கொண்டார்கள். நான் எழுதுவதெல்லாம் உன் கோப்பில் சேரும்.

அதனால் இதுதான் கடைசி. உனக்குச் சொல்ல நிறைய இருந்தது, ஆனால் நீ சண்டைக்கு வருவேன் என்று எழுதியிருக்கிறாயே, அதற்காக வைத்துக்கொள்கிறேன். வா.

— நான்


ஏப்ரல் 20

பெறுநர்: பங்கேற்பாளர் எண் 8

மதிப்பிற்குரிய ஐயா,

சோதனைச் சிகிச்சையில் தாங்கள் சேர்க்கப்பட்டிருக்கிறீர்கள் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம். ஏப்ரல் 24ஆம் தேதி காலை ஏழு மணிக்கு இரண்டாம் மாடி வரவேற்பில் தங்கள் சகோதரியுடன் வரவும். முந்தைய நாள் இரவு பத்து மணிக்குப் பிறகு தண்ணீர் உட்பட எதுவும் அருந்தக் கூடாது. வலிப்பு மாத்திரையை மட்டும் காலையில் ஒரு மிடறு தண்ணீரோடு எடுத்துக்கொள்ளவும். தலைமுடி மருத்துவமனையில் மழிக்கப்படும். தொப்பி கொண்டு வரலாம்.

தங்கள் படிவத்தின் நான்காம் பக்கத்தில், குழுவினருடன் தற்போதைய உறவு என்ற இடத்தில் 'இல்லை' என்று நிரப்பப்பட்டுள்ளது. பிழை இருந்தால் தெரிவிக்கவும்.

குழாய்கள் பொருத்தப்பட்ட பின் மருந்து எழுபத்திரண்டு மணி நேரம் செலுத்தப்படும். அந்த நேரத்தில் தலையை அசைக்கலாகாது. பம்ப்பைத் தொடுவது, திறப்பது, அதன் இயக்கம் குறித்து ஊழியர்களுக்கு ஆலோசனை கூறுவது ஆகியவை அனுமதிக்கப்படுவதில்லை. இடது கையில் பலவீனம் கூடினால் உடனே தெரிவிக்க வேண்டும். பெருமைக்காக மறைக்கலாகாது.

வழக்கமாகப் பம்ப் பொறுப்பாளர் எட்டு மணி நேரத்துக்கு ஒருவராக மாறுவார். எண் 8க்கு அந்த மாற்றம் இல்லை. மூன்று நாட்களுக்கும் ஒருவரே பொறுப்பு, இதற்கு இயக்குநரின் ஒப்புதல் பெறப்பட்டுள்ளது. அவர் சற்றுக் கண்ணயரும் நேரத்தில் உதவியாளர் முள்ளைப் பார்ப்பார், ஆனால் பொறுப்பாளர் அறையை விட்டு வெளியே போக மாட்டார்.

படுக்கையின் வலது பக்கம் அழைப்பு மணி இருக்கிறது. அதை அடிக்கும் தேவை தங்களுக்கு ஏற்படாது. மெதுவாகக் கூப்பிட்டாலே கேட்கும்.

இப்படிக்கு,
பம்ப் பொறுப்பாளர்